தண்ணீர் காட்டும் மாநகராட்சி

கேள்வி: குடிநீர், பஸ் என்று மாநகராட்சிகளே கம்பெனி வைத்து நடத்துவதெல்லாம் மக்களுக்குத் தண்ணீர் காட்டும் வேலைதானே? பேசாமல் தனியாரிடம் கொடுத்துவிட்டால் என்ன?
— ஈரோடு வாசகர்

பதில்: பாரிஸ் மாநகராட்சி நிஜமாகவே தண்ணீர் காட்டுகிறது. அதுவும் சோடா! 2010-ல் அங்கே ரெய்யி பூங்காவில் ஒரு குழாய் வைத்தார்கள். பொத்தானை அழுத்தினால் ஜில்லென்று சோடா கொட்டும், காசு கிடையாது. வைத்தது ‘ஓ த பாரி’ என்ற மாநகராட்சியின் சொந்த நிறுவனம். இதையே நம் ஊரில் வைத்தால் முதல் நாள் அமைச்சர் குடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். மறுநாள் பக்கத்திலேயே ஒருவர் எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துக் கடை போடுவார். மூன்றாம் நாள் சங்கிலி இருக்கும், டம்ளர் இருக்காது. நான்காம் நாள் எலுமிச்சம்பழக்காரர் குழாயையே டெண்டரில் எடுத்திருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1985 முதல் பாரிஸில் தண்ணீர் விநியோகம் நீங்கள் ஆசைப்படுகிற மாதிரி தனியாரிடம்தான் இருந்தது. சேன் நதியின் வலது கரை ஒரு கம்பெனிக்கு, இடது கரை இன்னொன்றுக்கு என்று பாகப்பிரிவினை. மேயர் தெலனோயே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2010 ஜனவரியில் எல்லாம் மாநகராட்சி கைக்கு வந்தது. முதல் வருடமே சுமார் மூன்றரைக் கோடி யூரோ மிச்சம். 2011-ல் கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தார்கள். நிர்வாகக் குழுவில் நுகர்வோர், ஊழியர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். அப்புறம் இன்னொன்று: இடது கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது சூயஸ் குழுமம். அதே சூயஸ்தான் 2018-ல் கோவைக் குடிநீருக்கு 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. உங்கள் ஈரோட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தான்.

மாநகராட்சி தொட்டதெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. மும்பையில் மின்சாரமும் கொடுத்து பஸ்ஸும் ஓட்டுகிற ‘பெஸ்ட்’ நிறுவனம் 1947-லிருந்து மாநகராட்சியுடையது. பல காலம் மின்சாரத்தில் வந்த பணம்தான் பஸ் நஷ்டத்தை அடைத்தது. அந்த வழி அடைபட்டதும் 2025 வரை பஸ் கட்டணத்தைப் பெரிதாக ஏற்றவும் மனமில்லை, மாநகராட்சி கஜானாவைத் தாராளமாகத் திறக்கவும் மனமில்லை. இப்போது ஓடுகிற பல பஸ்களில் வண்டியும் டிரைவரும் தனியார், பெயர் மட்டும் பெஸ்ட். ஆக, பாதி தனியார்மயம் ஏற்கெனவே ஆகிவிட்டது. அதனால் பஸ் ஒழுங்காக வருகிறதா என்று ஸ்டாப்பில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

அது கிடக்கட்டும். பாரிஸ்காரனாவது குழாயில் பிடித்துக் குடிக்கிறான். நம் புத்தக வெளியீட்டு விழாக்களில் மேடைக்கு மேடை 200 மில்லி பிளாஸ்டிக் பாட்டில்! நீர்நிலைகளைக் காப்பது பற்றிய புத்தகத்துக்கும் அதேதான். இதை முன்பு எழுதியதற்கு ஒரு பதிப்பாளர் கோபித்துக்கொண்டு நமக்கு விளம்பரம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அவருடைய அடுத்த விழாவுக்குச் சொம்போடு போவதாக இருக்கிறேன்.