ருபார்ப் தண்டு பச்சையாக இருந்தால் பழுக்கவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: ஐயா, கேத்தி பாலாடா பக்கத்தில் எங்கள் வீட்டையொட்டிப் பத்து சென்ட் நிலம் இருக்கிறது. புளிப்பான தண்டுக்காக வளர்க்கிற குளிர்நாட்டுச் செடியான ருபார்ப்பில் ஐந்து கிழங்கு வாங்கிப் போன வருஷம் மாசியில் நட்டேன். நன்றாக வளர்ந்துவிட்டது. ஆனால் படங்களில் பார்ப்பதுபோல் தண்டு சிவக்கவில்லை. அடியில் மட்டும் லேசான சிவப்பு, மேலே முழுக்கப் பச்சை. இன்னும் பழுக்கவில்லையா? இவ்வளவு பெரிய இலையை வீணாக்குவானேன், கீரையாகக் கடைந்துவிடலாமே என்கிறார் அத்தை. கிழங்கு கொடுத்தவர் மறுபடி வந்தார். இது ரகக் கோளாறு, சிவப்பு ரகம் தருகிறேன், கிழங்கு ஒன்று 350 ரூபாய், நூறு கிழங்குக்கு முன்பணம் கட்டினால் விளைகிற தண்டு முழுவதையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கட்டலாமா?
– வாசகி, நீலகிரி

பதில்: அம்மா, நீங்கள் கடைசியில் கேட்டதையும் நடுவில் அத்தை சொன்னதையும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பணம் கட்ட வேண்டாம். இலையைச் சமைக்க வேண்டாம். இந்த இரண்டையும் இன்றே வீட்டில் சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

ருபார்ப்பில் தின்னக்கூடியது இலைக்காம்பு மட்டும்தான். நாம் தண்டு என்று சொல்வது அதைத்தான். அதன் மேலே விரிகிற இலை நஞ்சு. அதில் ஆக்சாலிக் அமிலமும் அதன் உப்புகளும் மிகுதி. பேதியைக் கிளப்புகிற வேறு பொருள்களும் உண்டு. முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் காய்கறித் தட்டுப்பாடு வந்தது. ருபார்ப் இலையைக் கீரையாகச் சமைக்கலாம் என்று அப்போது மக்களுக்கு யோசனை சொன்னார்கள். அதை நம்பிச் சாப்பிட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், உயிர்களும் போயின. இலையை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் சரியாகிவிடும் என்றோ, ஆப்பசோடா போட்டால் விஷம் முறியும் என்றோ யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சோடா சேர்ந்தால் உண்டாவது சோடியம் ஆக்சலேட். அது தண்ணீரில் கரையும், அதுவும் நஞ்சுதான். பசலையிலும் ஆக்சலேட் இருக்கிறதே என்று அத்தை கேட்டால், இருக்கிறது, ஆனால் பசலையைத் தலைமுறை தலைமுறையாகத் தின்று பார்த்திருக்கிறோம், இதை அப்படித் தின்று பிழைத்த ஊர் எதுவும் இல்லை என்று சொல்லுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட வேண்டாம். எருக்குழியில் போடலாம். மட்கும்போது அந்த அமிலம் சிதைந்துவிடும், உரத்துக்குக் கெடுதல் இல்லை.

அத்தைமீது குற்றம் சொல்ல மாட்டேன். இந்தக் குழப்பத்துக்கு விதை விற்பவர்கள்தான் காரணம். ‘ருபார்ப் சார்ட்’ என்று பெயர் போட்ட விதைப் பொட்டலம் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அது ருபார்ப்பே அல்ல, பீட்ரூட் இனத்துக் கீரை. காம்பு ருபார்ப்பைப்போல் சிவந்திருப்பதால் அந்தப் பெயர். அதன் இலையைத் தாராளமாகச் சமைக்கலாம். ஒரு வீட்டில் அந்தக் கீரையைத் தின்று பழகி, ‘ருபார்ப் இலை நன்றாக இருக்கிறது’ என்று பக்கத்து வீட்டுக்குச் சொன்னால், பக்கத்து வீட்டில் இருப்பது நிஜ ருபார்ப் என்றால், என்ன ஆகும்? அந்தப் பொட்டலத்தில் தமிழில் ஒரு வரி எச்சரிக்கை அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும் என்று நான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடையாளம் சொல்கிறேன்: பீட்ரூட் இனத்துக் கீரையை இரண்டு மாதத்தில் அறுவடை செய்யலாம், இலை சுருக்கம் சுருக்கமாக மினுமினுக்கும், கீழே தடித்த கிழங்கு இராது. உங்களுடையது கிழங்கிலிருந்து வந்தது, இலையும் பெரியது என்கிறீர்கள். நிஜ ருபார்ப்தான்.

இனி நிறம். தண்டு பச்சையாக இருப்பதற்கும் பழுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ருபார்ப் தண்டு பழுப்பதில்லை, அது பழமல்ல. சிவப்பும் பச்சையும் ரகத்தின் குணம். அடியில் சிவந்து மேலே பச்சையாகிற ரகங்கள் உலகமெங்கும் விளைகின்றன. ‘விக்டோரியா’ என்கிற பழைய ரகமே அப்படித்தான். விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த 1837-ஐ ஒட்டி லண்டன் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் சந்தைக்குக் கொண்டுவந்தது, இன்றும் விளைகிறது. பச்சைத் தண்டு பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகப் புளிக்கும், விளைச்சலும் குறையாது. தண்டு விரல் பருமனுக்கு மேல் தடித்து, ஒடித்தால் ‘சடக்’கென்று முறிந்தால் எடுக்கலாம். வேறு எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் ஒரு சமயம் தண்டையும் தொடக்கூடாது. உங்கள் ஊருக்கு இது முக்கியம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். கார்த்திகையில் நீர்ப்பனி விழத் தொடங்கி, மார்கழி தையில் அது உறைபனியாகும். கேத்திப் பள்ளத்தாக்கில் குளிர்காற்று கீழே இறங்கித் தேங்குவதால், மேட்டில் இருப்பவர் தோட்டம் தப்பினாலும் உங்கள் தோட்டம் வெள்ளையாகக் கிடக்கும். கடும் உறைபனியில் இலை கருகித் தண்டு துவண்டால், இலையிலுள்ள ஆக்சாலிக் அமிலம் தண்டுக்கு இறங்கக்கூடும். அதனால்தான் குளிர்நாடுகளில் தோட்டக்கலை ஆலோசகர்கள் பனியடித்துத் துவண்ட தண்டைச் சாப்பிடாதே என்கிறார்கள். எப்படிக் கண்டுகொள்வது? பனி விழுந்த அன்றே முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள் விடுங்கள். தண்டு விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறது, இலையும் கருகவில்லை என்றால் பறிக்கலாம். இலை கறுத்து, தண்டு கொழகொழவென்று மடங்கிவிட்டால் அத்தனையையும் பிடுங்கி எருக்குழியில் போடுங்கள். அதற்குப் பிறகு கிழங்கிலிருந்து புதிதாகக் கிளம்பும் தண்டு நல்லதுதான், பயம் வேண்டாம். இலையின் ஓரம் மட்டும் லேசாகக் கருகித் தண்டு கெட்டியாக இருந்தால்? எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் எடுக்க மாட்டேன், ஒரு வாரம் விட்டுப் பார்ப்பேன். விடியற்காலையில் கேரட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் போட்டுப் பனியைக் கழுவும்போது இதன் மேலும் தண்ணீர் விழட்டும், இலை தப்பும். இன்னொரு சந்தேகமும் வரும்: பறித்த தண்டை ஃப்ரீசரில் வைத்தால் அதுவும் உறைகிறதே? அதில் கெடுதல் இல்லை. இலையை வெட்டி எறிந்துவிட்டுத்தானே வைக்கிறீர்கள், அமிலம் இறங்குவதற்கு மேலே இலையே இல்லை.

உறைபனியால் கிழங்குக்கு ஆபத்தில்லை. சொல்லப்போனால் அதற்குக் குளிர் தேவை. சில வாரம் குளிரில் உறங்கி எழுந்தால்தான் தடித்த தண்டு விடும். ஊட்டி, கேத்தி, கொடைக்கானலின் மேல்பகுதி ஆகிய இடங்களில் இது வளர்வதும், மேட்டுப்பாளையத்தில் நட்டால் வெயிலில் சோர்ந்து சாவதும் இதனால்தான்.

இப்போது அந்த வியாபாரி. சிவப்பு ரகம் என்று அவர் கொண்டுவரும் கிழங்கு உறக்கத்தில் இருக்கும், அதில் தண்டே இராது. அதன் மொக்கு இளஞ்சிவப்பாகத் தெரியலாம். பச்சைத் தண்டு ரகங்களுக்கும் மொக்கு அப்படி இருப்பதுண்டு. ஆக, நீங்கள் 350 ரூபாய் கொடுப்பது அவருடைய வாய்ச்சொல்லுக்கு. வெளிநாட்டிலிருந்து வந்தது என்று சொன்னால், இறக்குமதி அனுமதியையும் தாவர நலச் சான்றிதழையும் கேளுங்கள். 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அவை இல்லாமல் நடவுக் கிழங்கை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போகும்.

விளைந்ததை நானே எடுத்துக்கொள்கிறேன் என்பது இன்னும் மோசம். கணக்குப் போடுங்கள். நூறு கிழங்கு 35,000 ரூபாய். நட்ட வருஷம் ஒரு தண்டுகூட எடுக்கக்கூடாது, எடுத்தால் கிழங்கு வலுவிழக்கும். இரண்டாம் வருஷம் கொஞ்சம். மூன்றாம் வருஷம்தான் முழு அறுவடை. அவர் திரும்பி வர வேண்டிய நாள் மூன்று வருஷம் கழித்து! அதற்குள் அவருடைய செல்போன் எண் மாறியிருக்கும். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் 2012-இல் எப்படித் தவித்தார்கள் என்று மறந்துவிடாதீர்கள். அதுவும் இதே பேச்சுதான்: குஞ்சை வாங்கு, வளர்த்துக் கொடு, நான் எடுத்துக்கொள்கிறேன். பறித்த தண்டு வெளியில் இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். குளிர்சாதன வண்டி இல்லாமல் இதை எங்கே கொண்டுபோவார் என்றாவது கேட்டீர்களா?

ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தமிழ்நாட்டில் 2019-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும். ஆனால் அதைப் பற்றி மலைக் கிராமத்துக்கு வந்து யார் சொன்னார்கள்? எங்கள் தோட்டத்து ருபார்ப்பைப் பயிர்க் கணக்கில் எழுதச் சொல்லி நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை ‘இதர காய்கறி’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஏட்டில் பெயரே இல்லாத பயிருக்கு விலை கேட்க விவசாயி எங்கே போவார்? வாசலுக்கு வருகிற தரகரிடம்தான் போவார். அவர் சொல்வதுதான் ரகம், அவர் சொல்வதுதான் விலை.

உங்களுக்கு நூறு கிழங்கு வேண்டியதே இல்லை. இருக்கிற ஐந்தையும் நன்றாக வையுங்கள். நான்கைந்து வயதானதும் தை மாதக் கடைசியில் தோண்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு மொக்காவது இருக்கும்படி மண்வெட்டியால் பிளந்தால் ஐந்து இருபதாகிவிடும். செடிக்குச் செடி மூன்று அடி விடுங்கள். மொக்கு மண்மட்டத்திலோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்கட்டும். அதற்குமேல் புதைந்தால் தென்மேற்குப் பருவமழையில் அழுகிவிடும். மேட்டுப்பாத்தி போடுங்கள். தொழு உரம் தாராளமாகக் கேட்கும், ஆனால் கிழங்கின் தலைமேல் கொட்டாமல் சுற்றிலும் போடுங்கள். நம் மண் புளிப்பு மண், தேயிலைக்குப் போடும் டோலமைட் கொஞ்சம் போட்டால் போதும். பூந்தண்டு கிளம்பினால் உடனே ஒடித்துவிடுங்கள். அக்கம்பக்கத்தாருக்குக் கிழங்கு கொடுப்பதானால் மண் ஒட்டாமல் கழுவிக் கொடுங்கள். 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு மண்ணோடுதான் தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறது.

பறிக்கும்போது கத்தி வேண்டாம். தண்டின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் சுத்தமாகக் கழன்று வரும். வெட்டினால் மிச்சமிருக்கும் கட்டை அழுகி, அழுகல் கிழங்குக்குள் இறங்கும். உங்கள் செடிக்கு இது இரண்டாம் வருஷம், அதனால் செடிக்கு இரண்டு மூன்று தண்டு போதும். மூன்றாம் வருஷத்திலிருந்தும் ஒரே சமயத்தில் பாதிக்குமேல் எடுக்காதீர்கள். பறித்த இடத்திலேயே இலையை வெட்டிப் போட்டுவிட்டுத் தண்டை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோனால், அடுப்படியில் யாரும் தவறிச் சமைக்க வழியில்லை.

சமையலுக்கு எவர்சில்வர் பாத்திரம், இல்லையென்றால் மண்சட்டி. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் கூடாது, புளிப்பு அவற்றை அரிக்கும். அரைக் கிலோ தண்டை ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, 150 கிராம் சர்க்கரை போட்டுப் பிசறி அரை மணி நேரம் வைத்தால் அதுவே தண்ணீர் விடும். சிறுதீயில் பத்து நிமிஷத்தில் குழைந்துவிடும். ஜாமுக்கு இது மட்டும் போதாது, உறையவைக்கும் பெக்டின் இதில் குறைவு. நம் ஊர் பிளம்ஸோ புளிப்பு ஆப்பிளோ பாதிக்குப் பாதி சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குத் தண்டும் ஆகாது, அவர்களுக்குப் பரிமாற வேண்டாம்.

அத்தைக்குக் கீரை கிடைக்காத குறை இருக்கும். அவருக்காக ஒருநாள் புளிக்குப் பதில் இந்தத் தண்டைப் போட்டுப் பருப்புக் கடையுங்கள். புளிச்சகீரைப் பருப்புபோலவே இருக்கும். துவரம்பருப்பை முதலில் நன்றாக வேகவைத்துவிட்டுப் பிறகு தண்டைச் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் புளிப்பில் பருப்பு வேகாது. கடைந்ததும் நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், பூண்டு, பெருங்காயம் தாளித்து, நெல்லிக்காய் அளவு வெல்லம் போட்டு இறக்குங்கள்.