ஃபிளை கட்டும் பொருள்கள்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: என் மகனுக்குப் பதினாறு வயது. சென்ற கோடையில் அவனுடைய நண்பனின் தந்தை அவனை ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றுக்கு அழைத்துச் சென்று ஃபிளையால் டிரவுட் மீன் பிடிக்கப் பழக்கினார். இப்போது அவன் ஃபிளைகளைத் தானே கட்ட வேண்டும் என்கிறான். இணையத்தில் எண்பது டொலருக்கு, இருபது வகை இறகும் மயிரும் எல்லாக் கருவிகளும் அடங்கிய பெட்டி ஒன்றைப் பார்த்தேன். வாங்கிக் கொடுக்கலாமா?
— மார்க்கம் நகரிலிருந்து ஒரு தாய்

பதில்: அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். அதே எண்பது டொலரோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பொருள்களைத் தனித்தனியாக வாங்குங்கள். இறகையும் மயிரையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றி, மீன் உண்ணும் பூச்சியைப் போலச் செய்வதே ஃபிளை. எந்த ஆற்றில் எந்தப் பூச்சி இருக்கிறதோ அதைப் பார்த்தே அதற்கான பொருளை வாங்க வேண்டும். இருபது வகை இறகை அடைத்துத் தரும் பெட்டியில் பெரும்பாலும் சாயமேற்றிய மென்மையான இறகுகளும், எந்த அளவு என்று குறிக்கப்படாத முட்களும், மலிவான இடுக்கியும்தான் இருக்கும். பிள்ளை கட்டும்போது முள் இடுக்கியிலிருந்து நழுவும், நூல் அறும். குற்றம் தன் கையில்தான் என்று எண்ணி அவன் விட்டுவிடுவான். நல்ல ஆர்வங்கள் பல இப்படித்தான் அணைந்து போகின்றன.

உங்கள் பணத்தில் பெரும்பங்கை, 'வைஸ்' எனப்படும், முள்ளைப் பற்றிப் பிடிக்கும் இடுக்கிக்கே செலவிடுங்கள். கடையிலேயே 14 ஆம் இலக்க முள் ஒன்றை அதில் பூட்டி, முள்ளின் கண் இருக்கும் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். முள் வளைந்து நிமிர்ந்தால் இடுக்கி நல்லது, நழுவினால் அது வேண்டாம். அடுத்தது நூல் உருளையைத் தாங்கும் பொபின். அதன் குழாயின் வாய் சொரசொரப்பாக இருந்தால் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், பீங்கான் குழாய் உள்ளதை வாங்குங்கள். சிறிய கூரான கத்தரிக்கோல் ஒன்றும், முடிச்சுப் போடும் கருவி ஒன்றும் சேர்ந்தால் கருவிகள் முடிந்தன.

நூலில் ஒரு குழப்பம் உண்டு. சில உருளைகளில் 6/0, 8/0 என்று எழுதியிருக்கும், சிலவற்றில் 70 டெனியர், 140 டெனியர் என்றிருக்கும். டெனியர் என்பது 9,000 மீற்றர் நூலின் கிராம் எடை, எனவே அதை எந்த நிறுவனத்தின் நூலோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 8/0 போன்ற குறிகளோ ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு பருமன். கியூபெக்கில் தயாராகும் 'யூனி' நூலைக் கனடாவின் ஃபிளைக் கடைகளில் எளிதாக வாங்கலாம், தொடங்குபவருக்கு அது போதும். முள்ளின் இலக்கத்திலும் இதே கவனம் தேவை. இலக்கம் கூடினால் முள் சிறியது, அதாவது 14 ஆம் இலக்கம் 10 ஐவிடச் சிறியது. ஆனால் ஒரு நிறுவனத்தின் 14 உம் இன்னொரு நிறுவனத்தின் 14 உம் ஒரே அளவாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே முதல் ஆண்டில் ஒரே நிறுவனத்தின் முட்களையே வாங்குங்கள். நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரான 'பார்ப்' இல்லாத முட்களாகப் பார்த்து எடுங்கள். கிராண்ட் ஆற்றில் பிடித்த மீனை விட்டுவிட வேண்டிய பகுதிகளில் பார்ப் இல்லாத முள் கட்டாயம். கட்டாயம் இல்லாத இடத்திலும் அது மீனின் வாயைக் கிழிக்காமல் கழன்று வரும்.

கிராண்ட் ஆற்றுக்கு என்ன ஃபிளை கட்டுவது? 1942 இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாண்ட் அணையின் அடியிலிருந்து வரும் குளிர்ந்த நீரால்தான் ஃபெர்கஸ் பக்கத்துப் பகுதியில் பிரவுன் டிரவுட் கோடையிலும் பிழைக்கிறது. அங்கே கல்லுக்கடியில் வாழும் பூச்சிக்குஞ்சுகளும், கடிஸ் எனப்படும் அந்துப்பூச்சி போன்ற பூச்சிகளும் மிகுதி. ஆகவே மூன்று ஃபிளைகளோடு தொடங்கச் சொல்லுங்கள்: ஆண் ஃபெசன்ட் பறவையின் வாலிறகால் கட்டும் ஃபெசன்ட் டெயில், முயலின் முகத்து மயிரால் கட்டும் ஹேர்ஸ் இயர், எல்க் மானின் மயிரால் கட்டும் கடிஸ். முதல் இரண்டும் நீருக்குள் அமிழ்பவை, மூன்றாவது மேலே மிதப்பது. மான்மயிரின் உட்புறம் காற்றறைகளால் ஆனது, அதனால்தான் அது மிதக்கிறது.

மிதக்கும் ஃபிளைக்கு மட்டும் விலை கூடிய பொருள் ஒன்று வேண்டும். 'ஹக்கிள்' எனப்படும் சேவலின் விறைப்பான இறகுதான் அது. அதன் இழைகள் முள்ளின் நுனிக்கும் தண்டுக்கும் இடையிலான வாய் அகலத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும். இதற்கென்றே பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்படும் சேவல்கள் உண்டு. அவற்றின் இறகோடு கூடிய முதல்தரக் கழுத்துத் தோல் ஒன்று நூறு கனடிய டொலரைத் தாண்டும். 2011 இல் பெண்கள் தலைமுடியில் இந்த இறகுகளைச் சேர்த்து அணியும் மோகம் வந்தபோது கடைகளில் இறகே கிடைக்காமல் போனது, கிடைத்ததும் பலமடங்கு விலைக்கு விற்றது. உங்கள் மகனுக்கு முழுத் தோல் தேவையில்லை. ஒரே அளவில் பிரித்து, ஏறத்தாழ நூறு ஃபிளைக்குப் போதும் என்று அடைத்து விற்கும் சிறு பொதி ஒன்றைப் பழுப்பு நிறத்தில் 14 ஆம் இலக்கத்துக்கு வாங்குங்கள், ஒரு பருவத்துக்குத் தாராளமாகப் போதும்.

கேள்வி: நான் மயிற்பீலி இழையால் ஃபிளை கட்டுபவன். அடுத்த மாதம் விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போகிறேன். அங்கே தோட்டமெங்கும் மயில்கள் தாமாக உதிர்த்த தோகைகள் கிடக்கின்றன. எந்த மயிலையும் துன்புறுத்தாமல் பொறுக்கியெடுத்த பத்துப் பதினைந்து தோகைகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் தவறா?
— மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தவறுதான், கொண்டுவராதீர்கள். மயில் இந்தியாவின் தேசியப் பறவை, 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பெற்றது. தானாக உதிர்ந்த தோகையை இந்தியாவுக்குள் வைத்திருக்கவும் விற்கவும் விலக்கு இருப்பதால், கோயில் வாசல்களில் விற்பதைப் பார்த்துப் பலரும் எங்கும் கொண்டுபோகலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த விலக்கு நாட்டின் எல்லையோடு முடிகிறது. மயில் தோகையை ஏற்றுமதி செய்வதற்குத் தடை உண்டு. இன்னொரு நாட்டின் சட்டத்தை மீறிக் கொண்டுவரப்பட்ட விலங்கின் பாகத்தை இறக்குமதி செய்வதைக் கனடாவின் வனவுயிர் வணிகச் சட்டமும் குற்றமாகவே கொள்கிறது. ஆகவே சென்னையில் தப்பினாலும் டொரொன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் அதே கேள்வி எழும்.

உங்கள் வருத்தம் புரிகிறது. சொந்த ஊர் மயிலின் பீலியால் கட்டிய ஃபிளையில் கனடிய டிரவுட் ஒன்றைப் பிடிப்பது எவ்வளவு நிறைவாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் பல நாடுகளில் பண்ணைகளில் வளரும் மயில்களின் பீலி, நூலில் கோத்த கட்டாகச் சில டொலருக்கு இங்கேயே கிடைக்கிறது. உடல் பருக்கக் கட்டும் பிரின்ஸ் நிம்ஃப் போன்ற, நீருக்குள் அமிழும் ஃபிளைகளுக்கு அந்தக் கோத்த கட்டு போதும். இழையைச் சுரண்டி வரிவரியான மெல்லிய உடல் கட்டுவதானால், கண் உள்ள முழுத் தோகையாக வாங்குங்கள், கண்ணை ஒட்டிய இழைகளில்தான் வெளிறலும் கருமையும் நன்கு பிரிந்து தெரியும். பீலி இழை மீனின் பல் பட்டவுடன் அறுந்துவிடும் என்பதால், மெல்லிய கம்பியை எதிர்த்திசையில் சுற்றிக் காப்பிடுவதை மறக்க வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டு முதியவர் காலமான பின் அவருடைய ஃபிளை கட்டும் மரப்பெட்டியை அவர் மனைவி எனக்கு விற்றார். அதில் 'சீல்', 'போலார் பெயர்' என்று எழுதிய மயிர்ப் பொதிகளும், வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளியிட்ட சிறு இறகுகள் கொண்ட ஒரு கழுத்துத் தோலும் இருக்கின்றன. சில இறகுகள் பொடியாக உதிர்கின்றன. இவற்றைப் பயன்படுத்தலாமா? ஜூலையில் மொன்டானாவுக்குப் போகிறேன், கொண்டுபோகலாமா?
— கல்கரியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதலில், உதிரும் இறகுகள். பொடி விழுகிறது என்றால் அந்துப்பூச்சியோ தோல்வண்டோ புகுந்திருக்கிறது. அந்தப் பெட்டியை உங்கள் மற்றப் பொருள்களுக்கு அருகில் ஒரு நாளும் வைக்காதீர்கள். பழுதானவற்றை எறிந்துவிட்டு, மீதியைக் காற்றுப் புகாத பைகளில் அடைத்து உறைபெட்டியில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். பிறகு வெளியே எடுத்துச் சில நாள் விட்டு மீண்டும் உறையவையுங்கள். முதல் குளிரில் பிழைத்த முட்டைகள் பொரித்தால் இரண்டாம் குளிர் அவற்றைக் கொல்லும். பழைய பொருள் வாங்கும் எவரும், பெட்டி எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், இதைச் செய்தே ஆக வேண்டும்.

சீல் எனப்படும் கடல்நாய், 'போலார் பெயர்' எனப்படும் துருவக் கரடி ஆகியவற்றின் மயிர் ஒளியை உள்வாங்கி மினுங்கும். பிரிட்டிஷ் கொலம்பியக் கடலோரத்தில் கோஹோ சால்மனுக்குக் கட்டிய பழைய ஃபிளைகளில் துருவக் கரடி மயிர் பெரிதும் பயன்பட்டது. சீல் மயிர் கனடாவில் சட்டப்படி விற்கப்படும் பொருள்தான். ஆனால் அமெரிக்காவின் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் 1972 முதல் இவ்விரண்டையும் தடுக்கிறது. மயிர்ப் பொதியை மட்டுமல்ல, அதில் கட்டி முடித்த ஃபிளையையும் மொன்டானாவுக்குக் கொண்டுபோகக் கூடாது, அங்குள்ள நண்பருக்கு அஞ்சலில் அனுப்பவும் கூடாது. புறப்படுமுன் ஃபிளைப் பெட்டியை ஒருமுறை முழுவதும் பார்த்து, இந்த இரண்டு மயிரிலும் கட்டியவற்றை வீட்டிலேயே வையுங்கள். துருவக் கரடி மயிரை விற்க எண்ணினால், உங்கள் மாகாண வனவுயிர் அலுவலகத்தில் என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்காமல் விற்க வேண்டாம்.

மூன்றாவது, அந்தக் கழுத்துத் தோல். மெழுகு பூசியது போன்ற வெள்ளை, மஞ்சள் புள்ளிகள் என்றால் அது பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியின் தோலாகத்தான் இருக்கும், ஃபிளை கட்டுபவர்கள் அதை 'ஜங்கிள் கொக்' என்பார்கள். இது தென்னிந்தியக் காடுகளின் பறவை, நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் விடியற்காலையில் கூவுவதைக் கேட்டவர்கள் நம்மிடையே பலர் உண்டு. விக்டோரியா காலத்து சால்மன் ஃபிளைகளில் கன்னப்பகுதிக்கு இந்த இறகைத் தேடித் தேடி வாங்கினார்கள். இந்தியா ஏற்றுமதியை நிறுத்திய பின், வெளிநாடுகளில் கூண்டில் வளர்க்கும் பறவைகளின் தோலே முறைப்படி விற்கப்படுகிறது, அதனால்தான் அதன் விலை மிக அதிகம். உங்கள் தோல் எந்தக் காலத்தது, எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த அம்மையாரிடம் பழைய பற்றுச்சீட்டு ஏதும் இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அது இல்லாமல் இந்தத் தோலை எல்லை தாண்டி எடுத்துச் செல்லாதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2009 இல் இங்கிலாந்தின் டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்களை ஓர் இசை மாணவர் திருடினார். பழைய பாணி சால்மன் ஃபிளை கட்டுபவர்களுக்கு விற்கவே அந்தத் திருட்டு. இணையத்தில் அவற்றை வாங்கியவர்களில் பலர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. நூற்றாண்டுக்கு மேல் காத்துவைத்த ஆய்வுப் பொருள்களில் பல, அடையாளச் சீட்டு கிழிக்கப்பட்டதால், மீட்கப்பட்ட பின்னும் அறிவியலுக்குப் பயன்படாமல் போயின. அரிய இறகை விற்பவர் அதன் வரலாற்றைச் சொல்லத் தயங்கினால், அந்த இறகு எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காமல் திரும்புங்கள்.

கேள்வி: அமெரிக்க இணையக் கடை ஒன்றில் 65 டொலருக்கு ஹக்கிள் வாங்கினேன். கூரியர்காரர் வாசலில் வரியோடு தனிக் கட்டணமும் கேட்டார். அதே கடையில் நண்பர் ஒருவர் வாங்கியது, வருவதாகச் சொன்ன நாளிலிருந்து ஐந்து வாரம் கடந்தும் வரவில்லை. என்ன செய்யலாம்?
— ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அமெரிக்காவிலிருந்து கூரியரில் வரும் பொதிக்கு 40 கனடிய டொலர் வரை விற்பனை வரியும், 150 டொலர் வரை சுங்கத் தீர்வையும் விலக்கப்படும் என்பது 2020 ஜூலை முதல் நடைமுறை. அஞ்சலில் வந்தால் விலக்கு 20 டொலர் வரைதான். உங்கள் பொதி 65 டொலர் என்பதால் வரி கேட்டது சரியே. நீங்கள் குறைக்கக்கூடியது கூரியர் நிறுவனம் தன் தரகுக்குக் கேட்கும் கட்டணத்தை மட்டும்தான், அது சிலவேளை வரியைவிடக் கூடுதலாக இருக்கும். பொருளை அனுப்பும்போதே அஞ்சலைத் தேர்ந்தால் கனடா போஸ்ட் கையாள்வதற்கு 9.95 டொலரே வாங்கும். சிறு பொதிகளுக்கு அதுவே சிக்கனம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபின் உள்ளூர்க் கடையின் விலையோடு ஒப்பிடுங்கள். இறகை விரித்து, இழையைக் கையால் வளைத்துப் பார்த்து வாங்கலாம் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

உங்கள் நண்பர் ஒன்ராறியோவில் வாழ்பவர், பொருளின் விலையும் 50 டொலருக்கு மேல் என்றால், மாகாண நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும். சொன்ன நாளிலிருந்து 30 நாள் கடந்தும் பொருள் வராவிட்டால், அது வருமுன் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். கடை 15 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். இதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கடை எல்லைக்கு அப்பால் இருப்பதால் பதில் வராமலும் போகலாம். அப்போது அதே மின்னஞ்சலின் பிரதியோடு கடன் அட்டை வழங்கிய வங்கியிடம் கட்டணத்தை நீக்கும்படி கோரலாம். அட்டையில் செலுத்தியிருந்தால்தான் இந்த வழி உண்டு, நேரடிப் பணமாற்றம் செய்தவருக்கு இது கிடைக்காது.

கேள்வி: பான்ஃப் தேசியப் பூங்காவில் மீன்பிடிக்கப் போகிறேன். நிம்ஃபை அமிழ்த்த என்னிடம் ஈயக் குண்டுகள் இருக்கின்றன. கொண்டுபோகலாமா?
— எட்மன்டனிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கூடாது. தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டும், ஈயத் தலை கொண்ட முள்ளான ஜிக்கும் தடைசெய்யப்பட்டவை, உங்கள் குண்டுகள் எல்லாம் அதைவிடச் சிறியவையே. விழுந்த ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கும் லூன் எனும் நீர்ப்பறவை நஞ்சேறி இறந்துவிடும். டங்ஸ்டன் மணி வாங்குங்கள். பித்தளையைவிட இருமடங்குக்கு மேல் அடர்த்தியும், ஈயத்தைவிடவும் கூடிய அடர்த்தியும் அதற்கு உண்டு. விலை கூடினாலும், சிறிய ஃபிளை வேகமான நீரிலும் அடியைத் தொடும். பையில் பழைய குண்டுகள் எஞ்சியிருந்தால் குப்பையில் போடாமல் உங்கள் நகரத்தின் அபாயக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.