ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வயது எழுபதை நெருங்குகிறது. எங்கள் சங்கத்துக் கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு முகூர்த்தத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தபோது, பரிமாறுகிற பையனிடம் "அந்த நொண்டிக்கு ஓரத்துல ஒரு இலை போடுப்பா" என்றேன். நான் சொன்னது என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவரை. சின்ன வயதில் போலியோ வந்த கால். ஐம்பது வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவரும் ஒன்றும் சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற என் பேத்தி எல்லார் முன்னாலும் "தாத்தா, மாற்றுத்திறனாளின்னு சொல்லணும்" என்றாள். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. கிழவன் என்றால் தப்பு, மூத்த குடிமகனாம். வேலைக்காரி என்றால் தப்பு. அமெரிக்காவில் இருக்கும் மகன், அங்கே பெயருக்குக் கீழே அவனா அவளா என்று எழுதிக்கொள்கிறார்கள் என்கிறான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழிகூடச் சொல்லக்கூடாதா? நேற்று ஊனமுற்றோர், இன்று மாற்றுத்திறனாளி, நாளைக்கு என்ன? எந்தச் சொல்லைச் சொன்னால் விடுவார்கள்? நாங்கள் இரக்கம் இல்லாதவர்கள் இல்லை. மண்டபத்தில் சாய்தளம் கட்டி, அரசாங்கம் சொல்கிற அதே பெயரில் பலகையும் வைத்திருக்கிறோம். படம் இணைத்திருக்கிறேன்.

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள ஐயா,

சாய்தளங்களைப் பற்றி எழுதுவதற்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கேள்வி.

எந்தச் சொல் என்று கேட்கிறீர்கள். கூடப் படித்தவர், அவருக்குப் பெயர் இல்லையா? உங்கள் கடிதத்தில் பேத்தி இருக்கிறாள், அமெரிக்க மகன் இருக்கிறார், பரிமாறுகிற பையன்கூட இருக்கிறான். அவர் மட்டும் ஒரு காலாக வந்துபோகிறார். "அவரும் ஒன்றும் சொன்னதில்லை" என்று எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர், பந்தி விசாரிக்கிற கமிட்டிக்காரரிடம் என்ன சொல்லிவிட முடியும்? பெயரைச் சொல்லி, அவருக்கு எங்கே உட்கார்ந்தால் வசதி என்று அவரிடமே கேட்டிருந்தால் பேத்திக்கு வேலையே இருந்திருக்காது.

அமெரிக்கக் கையெழுத்து விவகாரத்தை உங்கள் மகனிடமே விட்டுவிடுங்கள், அங்கே சம்பளம் வாங்குகிறவர் அவர். சங்கு ஊதும் பழமொழியை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கவில்லை. காது கேட்காதவர் எதிரில் இருக்கும்போது ஊதாதீர்கள், அவ்வளவுதான்.

"நாளைக்கு என்ன" என்ற கேள்வியில் மட்டும் நியாயம் உண்டு. கலைஞர் ஆட்சியில்தான் ஊனமுற்றோர் என்பது மாறி மாற்றுத்திறனாளி அரசுச் சொல்லானது. டெல்லியில் 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் பேசும்போது 'திவ்யாங்' (தெய்விக உடல் கொண்டவர்) என்ற சொல்லை முன்வைத்தார், மறு ஆண்டே மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசுத் துறையின் இந்திப் பெயர் மாறியது. உடற்குறை உள்ளவர்களின் அமைப்புகள் பலவும் அதை எதிர்த்துக் கடிதம் எழுதின. எங்களைத் தெய்வமாக்க வேண்டாம், பேருந்தில் ஏற வழிசெய்யுங்கள் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். பெயரை மாற்ற ஒரு ஆணை போதும். பேருந்துப் படிக்கட்டைத் தாழ்த்தப் பணம் வேண்டும், டெண்டர் வேண்டும், பணிமனையில் சண்டை போட ஆள் வேண்டும். எது முதலில் நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா, நீங்களும் கமிட்டியில் இருக்கிறவர்தானே.

சட்டத்திலேயே இந்தக் கோணல் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொது இடத்தில் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. (பயப்படாதீர்கள், உள்நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும்.) கட்டடத்தை அணுக முடியாதபடி வைத்திருந்தால்? 89ஆம் பிரிவின்படி முதல் முறை அதிகபட்சம் 10,000 ரூபாய் அபராதம். பல மண்டபங்களில் அது ஒரு முகூர்த்தத்துக்கான பூ அலங்காரச் செலவுகூட இல்லை. மக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதானாலும் சட்டத்தின் கணக்கில் பொதுக் கட்டடம்தான். பழைய கட்டடங்களைச் சரிசெய்யக் கொடுத்த ஐந்தாண்டு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. உங்கள் மண்டபமும் அதில் சேர்த்தி.

இப்போது அந்தப் படம்.

பலகை அழகாக இருக்கிறது. நீலத்தில் வெள்ளை எழுத்து, 'மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்', ஒற்றுப்பிழைகூட இல்லை. அதன் கீழே இருப்பதைச் சாய்தளம் என்று என்னால் சொல்ல முடியாது. நான்கு படிகள் தெரிகின்றன. படிக்கு ஆறு அங்குலம் என்றால் உயரம் இரண்டடி. சாய்தளமோ கடைசிப் படி முடிகிற இடத்திலேயே முடிகிறது. நீளம் ஐந்தடிக்கு மேல் இருக்காது. விதி என்ன? ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். இரண்டடி உயரத்துக்கு 24 அடி வேண்டும். நீங்கள் கொடுத்திருப்பது ஐந்து.

இதனால் என்ன ஆகும்? ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விதிப்படியான 1:12 சரிவில் தள்ளுகிறவர் தாங்க வேண்டிய விசை சுமார் ஏழரை கிலோ. உங்களுடையதில் 33 கிலோ, உராய்வு தனி. உட்கார்ந்திருப்பவர் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி ஏறுவது நடக்காது. பின்னாலிருந்து ஒருவர் தள்ளினாலும், இவ்வளவு செங்குத்தில் எடை பின்சக்கர அச்சுக்குப் பின்னால் போய், முன்பக்கச் சின்னச் சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும். தள்ளுகிறவர் மேல் நாற்காலி மல்லாக்கச் சாயும். அதோடு, மேலே போட்டிருப்பது பாலிஷ் போட்ட கிரானைட். பன்னீர் தெளிக்கிற வாசலில், மழைக்காலத்தில், வேட்டி கட்டியவர் வெறுங்காலோடு தள்ளினால் அவர் கால்தான் முதலில் வழுக்கும். இதெல்லாம் நடக்கவில்லை என்பீர்கள். யாரும் ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள், நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அடிவாரத்தில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நிற்பதும் படத்தில் தெரிகிறது.

சந்தேகமாக இருந்தால் அளந்துபாருங்கள். நாலடி நீளமுள்ள நேரான பலகை ஒன்று, ரசமட்டம் ஒன்று, அளவு நாடா ஒன்று. பலகையின் மேல்முனையைச் சாய்தளத்தில் வையுங்கள். கீழ்முனையை ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். கீழ்முனைக்கும் அதற்கு நேர் கீழே உள்ள சாய்தளப் பரப்புக்கும் இடையிலான இடைவெளியை அளவெடுங்கள். நாலு அங்குலமோ அதற்குக் குறைவோ வந்தால் சரி. உங்களுக்குப் பத்தொன்பது வரும். பலகையைப் பிடிக்க ஒருவர், அளக்க ஒருவர் வேண்டும். பேத்தியைக் கூட்டிப் போங்கள். சொல்லைத் திருத்தியவளும் இந்தச் சரிவைத் தாண்டித்தானே அன்று மண்டபத்துக்குள் போனாள்? அவளுக்கும் இது தெரிய வேண்டும். அவளைத் திட்டாதீர்கள், நல்ல பெண்ணாகத் தெரிகிறாள்.

உங்கள் நண்பர் விஷயம் வேறு. அவர் சக்கர நாற்காலியில் வருகிறாரா? நீங்கள் எழுதவில்லை. போலியோ கால் உள்ளவர்களில் பலர் தடியோடோ, காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டோ, முழங்காலில் கையை ஊன்றியோ நடப்பவர்கள். அப்படி நடப்பவருக்குச் செங்குத்துச் சரிவு படியைவிட மோசம். கணுக்கால் மடங்காது, உடம்பு பின்னால் சாயும், தடி வழுக்கும். அவருக்குத் தேவை உயரம் குறைந்த படியும் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பியும். இளைத்த கால் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைப் பொறுத்து எந்தக் கம்பி உதவும் என்பது மாறும், ஏறும்போது உதவுவது இறங்கும்போது எதிர்ப்பக்கம் போய்விடும். அதனால்தான் இரண்டு. உங்கள் படியில் ஒன்றுகூட இல்லை. இன்னொன்று, போலியோ வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத் தசைகள் புதிதாகத் தளர்வது உண்டு. நாற்பது வயதில் தாவி ஏறியவர் எழுபதில் நாலாவது படியில் நின்றுவிடுவார். 'அவர் எப்பவும் ஏறிடுவார்' என்று கமிட்டியில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எனக்கு அந்தப் பலகைமேல் உள்ள எரிச்சல் இதனால்தான். சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பலகை எல்லாரையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது. சொல் மரியாதையாக இருப்பதால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. நாற்காலிக்காரருக்கு நீளம், தடிக்காரருக்குக் கம்பி, பார்வை இல்லாதவருக்குப் படி தொடங்குவதற்குச் சற்று முன்னால் காலுக்குத் தட்டுப்படும் புள்ளி ஓடு, பார்வை மங்கியவருக்குப் படியின் விளிம்பில் இரண்டு அங்குல மஞ்சள் பட்டை. இதில் நீங்கள் எதைக் கேட்டீர்கள்? கொத்தனாரிடம் "மாற்றுத்திறனாளிக்கு ஒண்ணு போட்டுடுப்பா" என்றிருப்பீர்கள். பந்தியில் சொன்னதும் அதே தொனிதான், சொல் மட்டும்தான் வேறு.

சரி, திருத்துவோம். படத்தில் மதிலோரம் குரோட்டன்ஸ் செடிகள் வரிசையாகத் தெரிகின்றன. அந்த இடம் போதும். கீழே திரும்ப ஐந்தடிச் சமதளம், 12 அடி சரிவு, மூச்சு வாங்க ஐந்தடிச் சமதளம், மறுபடி 12 அடி, வாசலில் ஐந்தடி. மொத்தம் 39 அடி. அவ்வளவு இல்லையென்றால் நடுச் சமதளத்தில் மடித்துத் திருப்புங்கள், 22 அடி நீளமும் ஒன்பதடி அகலமும் இருந்தால் அடங்கிவிடும். சரிவின் அகலம் குறைந்தது நாலடி, ஐந்து இருந்தால் நிம்மதி. ஓரங்களில் மூன்று நாலு அங்குலத் திண்டு எழுப்புங்கள், சக்கரம் வெளியே இறங்காமல் இருக்க. கைப்பிடி இருபுறமும் இரண்டு மட்டத்தில், இரண்டரை அடியிலும் மூன்றடியிலும். ஒன்றரை அங்குலக் குழாய், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. ஒட்டிவைத்தால் விரல் போகாது. சரிவு முடிந்த பிறகும் குழாய் ஓரடி நீளட்டும்.

பரப்புக்கு டைல்ஸும் வேண்டாம் கிரானைட்டும் வேண்டாம். சிமென்ட் ஈரமாக இருக்கும்போது குறுக்கே துடைப்பத்தை இழுத்தால் வருகிற சொரசொரப்பு போதும். கொத்தனார் அரை அங்குல ஆழத்துக்கு வரிவரியாகக் கீறித் தரட்டுமா என்பார், பைக் வழுக்காது என்பார். கூடாது. சின்னச் சக்கரம் ஒவ்வொரு வரியிலும் இடறும், முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அந்தக் குலுக்கலே போதும் காலில் இசிவு வர. தரையோடு சேரும் இடத்தில் அரை அங்குல விளிம்புகூட நிற்கக்கூடாது. பெரும்பாலான சாய்தளங்கள் தோற்பது இந்தக் கடைசி அரை அங்குலத்தில்தான். வாசல் நிலையின் கீழ்க்கட்டையையும் பாருங்கள், அது துருத்திக்கொண்டிருந்தால் 39 அடியும் வீண்.

சமையற்கட்டுப் பக்கம் அண்டா வண்டி போகச் சமதள வழி இருக்கும், அதில் அழைத்துப் போகலாமே என்று கமிட்டியில் ஒருவர் கட்டாயம் கேட்பார். சாம்பார் வாளிகளுக்கு நடுவே, ஈரத் தரையில், வாழை மட்டை மேலே, கல்யாண வீட்டுக்கு வருகிற விருந்தாளியையா? வரவேற்பில் சந்தனமும் கற்கண்டும் எந்த வாசலில் இருக்கிறதோ அந்த வாசல்.

மணமேடைக்குச் சரிவு வைக்க இடம் இருக்காது. மணமக்கள் இறங்கி வரட்டும், வீடியோக்காரர் சொன்னால் இறங்கத்தானே செய்கிறார்கள். கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, அகலம் மூன்றடி இருக்கிறதா, உள்ளே ஐந்தடிக்குச் சுற்றிடம் இருக்கிறதா, அதில் துடைப்பமும் பினாயிலும் அடுக்கியிருக்கிறீர்களா என்பதைத் தனியாக எழுதுங்கள், அதற்குத் தனியாகத் திட்டுகிறேன்.

வேலை தொடங்கும்போது ஒன்று கவனியுங்கள். பக்கச்சுவர் எழுப்பி மண் கொட்டி, அன்றைக்கே கான்கிரீட் போடுவது வழக்கம். ஒரு மழையில் மண் இறங்கி நடுவில் பள்ளம் விழும், நாற்காலி அதில் உட்கார்ந்துகொள்ளும். அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமிசு போடச் சொல்லுங்கள். "இவ்வளவு நீளம் எதுக்கு சார், வண்டியே ஏறுமே" என்பார் கொத்தனார். வண்டிக்கு இஞ்சின் இருக்கிறது என்று சொல்லுங்கள். கான்கிரீட் கலக்குவதற்கு முன் அதே நாலடிப் பலகையை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இடைவெளி நாலு அங்குலத்தைத் தாண்டியிருந்தால் அன்றைக்குக் கலவை போட வேண்டாம்.