சிஸ்டோஸ்கோபி முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு, இனி என்ன?

சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்களும் வீட்டாரும் கேட்டவை இவை. யூராலஜி வார்டில் நர்ஸாக இருந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கோபிசெட்டிபாளையம்: அக்கா, நேத்து கோயமுத்தூரில் பார்த்துட்டு வந்தோம். ஒன்னுக்குப் போனால் எரியுதுன்னு அப்பா தண்ணியே குடிக்க மாட்டேங்கிறாருங்க.

குழாய் உரசிய இடம் ஓரிரு நாள் எரியத்தான் செய்யும். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்துபோய் இன்னும் காந்துமுங்க. கட்டில் பக்கத்திலேயே சொம்பை வைத்து, மணிக்கொரு டம்ளராவது குடிக்க வையுங்கள். இதயம், கிட்னி தொந்தரவுக்காகத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சிறுநீர் வரும் இடத்தில் வைத்தால் இதமாக இருக்கும். டீ, காபியை இரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

பொள்ளாச்சி: சிறுநீர் சிவப்பா வருதுங்க. இளநீர் குடிச்சா நிக்குமா?

இளநீர் ரத்தத்தை நிறுத்தாது. கிட்னி கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். குங்குமம் கரைந்த தண்ணீர் போல இருந்து, போகப் போக வெளுத்தால் சரி. கட்டி கட்டியாகவோ, கெட்டிச் சிவப்பாகவோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

திருப்பூர்: பனியன் கம்பெனி டெய்லர் நான். எப்ப வேலைக்குப் போகலாம்?

மரத்துப்போகும் ஜெல்லி மட்டும் வைத்திருந்தால் பெரும்பாலும் மறுநாளே. பீஸ் ரேட் கூலி குறையுமே என்று மட்டும் சிறுநீரை அடக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்திருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. பரிசோதனைக்குச் சதை எடுத்திருந்தால், டாக்டர் சொல்லும்வரை கனம் தூக்க வேண்டாம்.

சென்னிமலை: மாமனாருக்கு 70 வயசு, புராஸ்டேட் வீக்கம் இருக்கு. காலையிலிருந்து சொட்டுச் சொட்டாத்தான் போகுது, அடிவயிறு புடைச்சிருக்கு. சாயந்தரம் வரைக்கும் பார்க்கட்டுங்களா?

பார்க்காதீங்க அம்மிணி, இப்பவே கிளம்புங்க! வண்டி இல்லையென்றால் 108. சிறுநீர் அடைத்துக்கொண்டதற்கான அடையாளம் இது, இனித் தண்ணீர் கொடுத்து முக்கச் சொல்ல வேண்டாம். அங்கே ட்யூப் போட்டு வடித்துவிடுவார்கள், வலி சட்டென இறங்கும். பெரியவர்கள் இதை மருமகளிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். நீங்களே கவனித்துக் கேட்டது ரொம்ப நல்லது.

காங்கேயம்: லேசா காய்ச்சல். போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் இருக்கு, போடலாமா?

வேண்டாமுங்க. முதலில் தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4 டிகிரி எட்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ கிருமி ஏறியிருக்கலாம். நடுராத்திரியானாலும் போய்விடுங்கள்.