நின்றிருக்கும் பள்ளி பஸ்ஸை முந்தினால் வழக்கு போட முடியுமா?

முடியும். பிள்ளைகள் ஏறி இறங்கும்போது மற்ற வண்டிகளை எச்சரிக்க பள்ளி பஸ் டிரைவர் விளக்கு போடுவார்; அதுதான் பள்ளி பஸ் சிக்னல். அமெரிக்க மாநிலங்களில் சிவப்பு விளக்கு மின்னி, பஸ் பக்கவாட்டில் 'ஸ்டாப்' பலகை நீண்டால் பின்னால் வருபவர் நின்றே ஆக வேண்டும். நம் ஊர் பஸ்ஸில் அந்தப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆபத்தாக முந்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் வரும். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

காரணம் எளிது. தர்மபுரி–பென்னாகரம் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் கதவு இடது பக்கம், வீடு எதிர்ப்பக்கம். யுகேஜி பிள்ளை முதுகுப் பையோடு பஸ்ஸின் முன்னால் சுற்றி வலப்பக்கம் ஓடும். முந்துகிறவர் கண்ணுக்கு பஸ்ஸின் மஞ்சள் தகடு மட்டும்தான் தெரியும். சந்து முனைச் சுவருக்குப் பின்னாலிருந்து கன்றுக்குட்டி பாய்கிற மாதிரி. பிரேக் பிடிக்க நேரமே இருக்காது.

நடைமுறைச் சிக்கல் ஆதாரம்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பஸ்ஸில் உதவியாளர் இருக்க வேண்டும் என்கின்றன தமிழ்நாட்டின் 2012 பள்ளி வாகன விதிகள். அவர் வண்டி எண், நேரம், இடத்தைக் குறித்து, முடிந்தால் படத்தோடு போலீசில் கொடுக்க வேண்டும். பள்ளிகள் இதை வற்புறுத்தியே ஆக வேண்டும் என்பேன்.

விபத்து நடந்தால்தான் வழக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பிறருக்கு ஆபத்து வரும்படி ஓட்டியதே 184-க்குப் போதும்.