சுவருக்கு அந்தப் பக்கம் யார்? வீட்டுக்கான ரைஃபிள் தோட்டா: சில கேள்விகள்

அமெரிக்காவில் வீடு வாங்கிய கையோடு துப்பாக்கியும் வாங்கியவர்கள், வாங்கப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பலரும் கேட்டிருப்பது ஏஆர்-15 ரைஃபிள் பற்றித்தான்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர் தன் ரைஃபிளை விற்கிறார். அதற்கு எந்தத் தோட்டா நல்லது?

எதையும் வாங்காதீர்கள், துப்பாக்கியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒற்றைத் தோட்டாவுக்கும் இது பொருந்தும். மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நண்பரிடம் கேட்காமல் வக்கீலிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

ஏஆர்-15-க்கு .223 ரெமிங்டன், 5.56 நேட்டோ என்று இரண்டு தோட்டாக்களைச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வித்தியாசம் துப்பாக்கியின் உள்ளே இருக்கிறது. 5.56 குழலில் குண்டு வரிப்பள்ளங்களைத் தொடும் முன் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டிருப்பார்கள். .223 குழலில் அந்த இடம் குறைவு, அதில் 5.56 தோட்டாவைப் போட்டால் அழுத்தம் எகிறலாம். மறுபக்கம் பயமில்லை, 5.56 குழலில் .223 போடலாம். '.223 வைல்ட்' என்று பொறித்திருந்தால் இரண்டையும் ஏற்கும். கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு, குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

டவுன்ஹவுஸில் இருக்கிறோம். பக்கத்து அறையில் குழந்தைகள் தூங்குகிறார்கள். சுவரைத் துளைக்காத தோட்டா எது?

அப்படி ஒன்று கிடையாது. நம் ஊர்ச் செங்கல் சுவரை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் போலிருக்கிறது. இங்கே உள்சுவர் என்பது மரச்சட்டம், இருபுறமும் அரை அங்குல டிரைவால் எனும் ஜிப்சம் பலகை, நடுவில் வெறும் காற்று. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ இரண்டு அதிகாரிகளை இழந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வகுத்த அளவுகோலின்படி, உடல் தசைக்குப் பதிலாகச் சோதனையில் வைக்கும் 10 சதவீத ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும். அவ்வளவு தூரம் போகிற குண்டு டிரைவாலுக்கா நிற்கும்?

ஆனாலும் தேர்வில் வித்தியாசம் இருக்கிறது. 55 கிரெய்ன், அதாவது சுமார் மூன்றரை கிராம் எடையில், விரியும் முனையோடு வேகமாகப் போகும் குண்டு சுவரில் பட்டதும் புரளும், உடையும், சீக்கிரம் வலுவிழக்கும். கைத்துப்பாக்கியின் 9 மி.மீ. ஹாலோ பாயிண்ட், அதாவது முனையில் குழி உள்ள குண்டு, அப்படியல்ல. அதன் குழியில் சுவரின் ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டால் விரியாமல் நேராகப் போய்விடும். "ரைஃபிள் என்றால் ஆபத்து, பிஸ்டல் என்றால் சாது" என்ற கணக்கு இங்கே எடுபடாது. முழு உலோக உறையிட்ட எஃப்எம்ஜே பயிற்சிக்குப் போதும். பச்சை முனை எம்855 வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அதன் மூக்கில் எஃகுத் துண்டு இருக்கிறது.

தோட்டா வாங்கும் முன் ஒரு காகிதத்தில் வீட்டின் வரைபடம் போடுங்கள். யார் எங்கே தூங்குகிறார்கள், நீங்கள் எந்த மூலையில் நின்றால் குழல் அவர்கள் பக்கம் திரும்பாது என்று குறியுங்கள். டவுன்ஹவுஸ் என்பதால் பக்கத்து வீட்டுக்காரரின் கட்டிலும் அந்தப் படத்தில் வர வேண்டும். அப்படி ஒரு மூலையே இல்லை என்றால், கதவைத் தாழிட்டு 911-ஐ அழைப்பதுதான் உங்கள் திட்டம். அதன் பிறகு ஒரே வகைத் தோட்டாவைத் தேர்ந்து, சில பெட்டிகளை உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

.300 பிளாக்அவுட் என்ற வேறு அளவுத் தோட்டா போடும் ரைஃபிளும் வைத்திருக்கிறேன். தோட்டா அடுக்கும் 5.56 மேகசினையே அதற்கும் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், வம்பே அதில்தான் இருக்கிறது. .300 தோட்டா அதே மேகசினில் உட்காரும். சில சமயம் 5.56 குழலுக்குள்ளும் ஏறிவிடும். அகலமான குண்டு குறுகிய குழலில் மாட்டினால் துப்பாக்கி கையிலேயே வெடித்துச் சிதறும். மேகசின்களை வேறு வேறு நிறத்தில் வாங்கி, வேறு வேறு அலமாரியில் பூட்டுங்கள். என்னைக் கேட்டால் வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரே அளவு துப்பாக்கி போதும்.

நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் தடையாமே?

வீட்டில் வைத்திருக்கலாம், கடையிலிருந்து நேராக வீட்டுக்குக் கொண்டுவரலாம். காரில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினால் வழக்கு.

பயிற்சிக்குக் கொண்டுபோகும் பையையே சென்னைப் பயணத்துக்கும் எடுத்துப் போகலாமா?

வேண்டாங்க. என் பழைய பையின் கிழிந்த உள்துணிக்குள் ஒரு .22 தோட்டா மூன்று வருடம் ஒளிந்து கிடந்தது. அது மீனம்பாக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்திருந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் என் மேல் வழக்கு. தெரியாமல் கிடந்தது என்று நிரூபித்து வெளியே வந்தவர்கள் உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் அதைச் சொல்வதற்குள் திரும்பும் விமானம் போயிருக்கும். பயிற்சிக்கு ஒரு பை, பயணத்துக்கு வேறு பை.