கேட்ச் போட்டும் ரோல்பேக் ஆகுதே, ஏன்?

கேள்வி: சார், எங்க ஆபீஸ்ல ஸ்பிரிங்ல (ஜாவா ஃப்ரேம்வொர்க்) எழுதின பில்லிங் அப்ளிகேஷன் ஓடுது. ஆர்டர், ஸ்டாக், லாயல்டி பாயிண்ட், ஆடிட் லாக்னு மாட்யூல் மாட்யூலா பிரிச்சு எல்லாத்துலயும் டிரான்சாக்ஷனல் அன்னொட்டேஷன் (இந்த மெத்தட்ல நடக்கிற டேட்டாபேஸ் வேலை மொத்தமா நிக்கணும், இல்ல மொத்தமா ரத்தாகணும்னு சொல்ற குறிப்பு) போட்டிருக்கோம். பாயிண்ட் ஏறலைன்னா போகட்டும்னு அந்தக் காலைச் சுத்தி ட்ரை-கேட்ச் போட்டேன், அப்பவும் ஆர்டரே ரோல்பேக் ஆகுது, அதாவது எழுதினது ரத்தாகுது, ஆடிட் லாக்கும் கூடவே காணாம போகுது. பேசாம ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி டிரான்சாக்ஷன் குடுத்துடவா?

பதில்: ஐயோ வேணாம், அப்படி குடுத்தா ஆர்டர் விழுந்தாலும் ஸ்டாக் மட்டும் குறைஞ்சு நிக்கும், ராத்திரி உக்காந்து கையால சரி பண்ணணும்.

ஸ்பிரிங்ல டீஃபால்ட் ப்ராபகேஷன் (டிரான்சாக்ஷன் ஓடிட்டிருக்கும்போது இன்னொரு மெத்தடைக் கூப்பிட்டா என்ன பண்ணணும்ங்கிற விதி) 'ரிக்வயர்டு', அதாவது ஏற்கனவே ஒண்ணு ஓடிட்டிருந்தா அதுலயே சேந்துக்கோ. அன்னொட்டேஷன் நாலு இடத்துல இருந்தாலும் டிரான்சாக்ஷன் ஒண்ணுதான், கூட்டுக் குடும்பத்து ரேஷன் கார்டு மாதிரி. லாயல்டி மெத்தட்ல இருந்து ரன்டைம் எக்செப்ஷன் வெளிய வரும்போது நடுவுல நிக்கிற ப்ராக்ஸி (ஸ்பிரிங் குறுக்க வெக்கிற இடைத்தரகர்) அதைப் பாத்து 'ரோல்பேக்-ஒன்லி'னு முத்திரை குத்திடும், அதுக்கப்புறம்தான் உங்க கேட்ச்சுக்கே வருது. நீங்க லாக்ல ஒரு வரி எழுதிட்டு ஜாலியா கடைசி வரைக்கும் போவீங்க, கமிட் பண்ற, அதாவது எழுதினதை நிரந்தரமாக்குற நேரத்துல 'அன்எக்ஸ்பெக்டட் ரோல்பேக் எக்செப்ஷன்' வந்து நிக்கும்.

என்னைக் கேட்டா டிரான்சாக்ஷன் எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும்ங்கிறத 'ஆர்டர் போடு'ங்கிற வெளி சர்வீஸ் மட்டும்தான் முடிவு பண்ணணும். ஸ்டாக் மாட்யூலுக்கு 'மேண்டட்டரி' போடுங்க, யாராவது டிரான்சாக்ஷன் இல்லாம அதைக் கூப்பிட்டா அங்கயே வெடிக்கும், டெஸ்ட்லயே மாட்டிக்கும். லாயல்டி, ஆர்டர் கமிட் ஆனப்புறம் நடந்தா போதும், அதுக்கு டிரான்சாக்ஷனல் ஈவென்ட் லிசனர் இருக்கு, ஸ்பிரிங் 4.2-லயே வந்துடுச்சு. ஆனா அந்த லிசனர்குள்ள டேட்டாபேஸ்ல எழுதணும்னா 'ரிக்வயர்ஸ் நியூ' (எப்பவும் புதுசா தனி டிரான்சாக்ஷன் ஆரம்பி) போட்டே ஆகணும், ஏன்னா பழைய டிரான்சாக்ஷன் கமிட் ஆகி முடிஞ்சாச்சு, அதுல சேந்து எழுதினா கமிட் பண்ண யாரும் இல்ல.

ஆடிட் லாக் ஆர்டர் விழுந்தாலும் நிக்கணும், அதனால அதுக்கும் 'ரிக்வயர்ஸ் நியூ'. அதுலேர்ந்து ஆர்டர் டேபிளுக்கு ஃபாரின் கீ (அந்த ஆர்டர் டேபிள்ல இருந்தே ஆகணும்ங்கிற கட்டு) மட்டும் வெக்காதீங்க, இன்னும் கமிட் ஆகாத ஆர்டர் அந்தப் புது கனெக்ஷன் கண்ணுக்கே தெரியாது. ஆமா, புது கனெக்ஷன்தான், வெளி டிரான்சாக்ஷன் தன்னோடத கையில புடிச்சுக்கிட்டே இருக்கும். நான் இதுல ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஹிகாரி பூல்ல (டேட்டாபேஸ் கனெக்ஷன்களைச் சேத்து வெச்சு பங்கு போட்டுக் குடுக்கிறது) டீஃபால்ட்ல 10 கனெக்ஷன், ஒரே நேரத்துல 10 ரிக்வெஸ்ட் வந்து ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டு, பத்து பேரும் ரெண்டாவதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க, யாரும் விடமாட்டாங்க. 30 செகண்ட்ல டைம்அவுட். சிபியு சும்மா கெடக்குது, டேட்டாபேஸ் சும்மா கெடக்குது, நாங்க நெட்வொர்க் டீமை திட்டிக்கிட்டிருந்தோம்.

இன்னொண்ணு, ஆடிட் மெத்தட் ஆர்டர் சர்வீஸ் கிளாஸ்குள்ளயே இருந்தா அதை வேற கிளாஸுக்கு மாத்துங்க. ஒரே கிளாஸ்குள்ள கூப்பிட்டா ப்ராக்ஸி வழியா போகாது, அன்னொட்டேஷன் வெறும் அலங்காரம்தான்.

கேள்வி: எனக்கு நேர் எதிர் பிரச்சனை, எக்செப்ஷன் வீசினாலும் கமிட் ஆகிடுது!

பதில்: வீசுறது செக்டு எக்செப்ஷனா (கேட்ச் பண்ணு, இல்ல மெத்தட்ல அறிவிச்சுடுன்னு ஜாவா கம்பைலர் கட்டாயப்படுத்துற வகை) பாருங்க. டீஃபால்ட்ல ரன்டைம் எக்செப்ஷன், எர்ரர் ரெண்டுக்கும்தான் ரோல்பேக், ஈஜேபி (ஜாவாவோட பழைய எண்டர்பிரைஸ் முறை) காலத்து வழக்கம் இது. அன்னொட்டேஷன்ல 'ரோல்பேக் ஃபார்' சேத்துடுங்க. ஸ்பிரிங் 6.2-க்கு வந்துட்டீங்கன்னா எனேபிள் டிரான்சாக்ஷன் மேனேஜ்மென்ட்ல ஒரே இடத்துல எல்லா எக்செப்ஷனுக்கும்னு மாத்திக்கலாம், மெத்தட் மெத்தடா அலைய வேணாம்.